ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றோ ஆற்றில் போடுவதை மட்டுமல்ல, ஆற்றையே அளந்துதான் பெறுகிறோம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி கர்நாடகம் நமக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. அது பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. அங்கே எழுதப்படும் எண்ணை எதிர்பார்த்துத்தான் இங்கே நாற்றங்காலில் விதை விழுகிறது.

அளவு என்பது இத்தனை பெரிய காரியமாக இருக்க, அளக்கும் கருவி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இயற்பியல் ஆய்வகத்தில் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரைக் கண்டிருக்கிறோம். மீட்டர் சமனச் சுற்றின் கம்பியின்மேல் தொடுசாவியை நகர்த்தியிருக்கிறோம். ஆனால் ஒரு மேசைக்கு நான்கைந்து பேர். ஒருத்தி சுற்றை இணைக்க, ஒருத்தி முள்ளைப் படிக்க, மற்றவர்கள் எண்ணை எழுதிக்கொள்வதற்குள் மணி அடித்துவிடும். 'இது ஏன் இப்படி ஆகிறது?' என்று கேட்க வாய் திறக்கும்போது அடுத்த வகுப்பு வாயிலில் நிற்கும். இது யாருடைய குறையும் அன்று. பாடவேளைக்கு எல்லை உண்டு. விடுமுறைக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே, வரும் கோடை விடுமுறையில் மின்னளவுக் கருவிகளோடு பழகுவதை நம் மாணவியர் ஒரு பொழுதுபோக்காகக் கொள்ள வேண்டும் என்றும், அதற்குப் பெற்றோரும் அருட்சகோதரியரும் துணை நிற்க வேண்டும் என்றும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

தையல், எம்பிராய்டரி, தட்டச்சு, இந்தி வகுப்பு என்று நம் விடுமுறைக்குப் பழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. அவை எவற்றையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கூறைநாட்டுப் புடவை நெய்யும் ஊரில் பிறந்த நாம் நுண்ணிய கைவேலையை எப்படி இகழ முடியும்? ஊசியில் நூல் கோக்கும் அதே பொறுமைதான் மல்டிமீட்டரின் கம்பி நுனியைச் சரியான இடத்தில் வைப்பதற்கும் வேண்டும். பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

டென்மார்க்கில் ஆடிய முள்

மின்னளவு என்றால் எங்கோ பெரிய நகரத்துச் சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டியது 1620-ஆம் ஆண்டு. அவர்கள் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றது 1845-இல். இடையில், தரங்கம்பாடியில் டென்மார்க்கின் கொடி பறந்துகொண்டிருந்த 1820-ஆம் ஆண்டில், அந்நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் என்னும் பேராசிரியர், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகே இருந்த திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று உலகம் அறிந்தது அன்றுதான். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஷ்வைகர் என்பவர் கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றினால் அந்த அசைவு பெரிதாகும் என்று காட்டினார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி பிறந்துவிட்டது.

நம் ஆய்வகத்து டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் அதன் நேர் வாரிசே. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிறிய திசைகாட்டி ஒன்று, எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி சில மீட்டர், டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். திசைகாட்டியின்மேல் இருபது சுற்றுச் சுற்றிக் கம்பியின் நுனிகளைச் சுரண்டி, பாட்டரியை ஒரு கணம் தொட்டவுடன் முள் துள்ளும். பாட்டரியைத் தலைகீழாக மாற்றினால் முள் எதிர்ப்பக்கம் துள்ளும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராசிரியர் கண்ட வியப்பை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காணலாம் அல்லவா?

ஒரு மல்டிமீட்டர் என்ன கற்றுத் தரும்?

சென்ற கோடையில் எங்களில் சிலர் சேர்ந்து எண் காட்டும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினோம். சில நூறு ரூபாய்தான். அதை வாரம் ஒருத்தி வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டோம். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அது அளக்கும். கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று 'பீப்' ஒலி எழுப்பியும் சொல்லும்.

முதலில் வீட்டில் கிடந்த பாட்டரிகளை எல்லாம் அளந்தோம். புதியது 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. தம்பியின் பொம்மைக் காரை ஓட்ட முடியாமல் 'செத்துப்போனது' என்று ஒதுக்கிய பாட்டரி 1.2 வோல்ட் காட்டியது. அதைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டோம், வாரக்கணக்கில் ஓடியது. காருக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். கடிகாரத்துக்குத் துளி போதும். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் ஒன்று, அளந்து பார்த்ததால் வேலைக்கு வந்தது.

அடுத்து எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் செப்புத் தகடு, மறு பக்கம் துத்தநாகம் பூசிய ஆணி. ஏறத்தாழ 0.9 வோல்ட்! புளிக்கரைசலும் இதுபோலவே காட்டியது. நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தது. டார்ச் பல்புக்கு அது தாராளம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பல்பு இணுக்குக்கூட எரியவில்லை. மின்னழுத்தம் இருந்தும் பல்புக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் வலு பழத்துக்கு இல்லை. குழாயைத் திறந்தால் நீர் வேகமாகப் பாய்வது போலிருக்கும். குடம் வைத்தால் நிரம்பாது. புத்தகத்தில் 'அகமின்தடை' என்று படித்த சொல் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

மூன்றாவது பாடம் எல்லாவற்றினும் முக்கியமானது. மீட்டரை மின்தடை அளவில் வைத்து, அதன் இரு நுனிகளையும் இரு கை விரல்களால் பிடித்தோம். உலர்ந்த விரல்களுக்கு இடையே லட்சக்கணக்கான ஓம் தடை காட்டியது. உப்புநீரில் கையை நனைத்துவிட்டுப் பிடித்தபோது எண் மளமளவென்று இறங்கியது. தடை பத்தில் ஒரு பங்கானால் மின்னோட்டம் பத்து மடங்காகும் என்பது ஓம் விதி. 'ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே' என்று அம்மா ஆயிரம் முறை சொன்னதை அந்த எண் ஒரே முறையில் மனத்தில் பதித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும் நம் ஊருக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறு என்ன?

ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பெட்டி முழுவதும் ஆறியபின், கம்பியின் இரு முனைகளையும் சோதித்தோம். ஓர் இழையில் 'பீப்' ஒலி வரவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கம்பிதான் உள்ளே அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கம்பியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய வேலையை நாங்கள் பறிக்கவில்லை. எங்கே பழுது என்று அவரோடு பேசுவதற்கு எங்களுக்கும் ஒரு மொழி கிடைத்தது, அவ்வளவுதான்.

மீட்டர் சொல்வதெல்லாம் மெய்யா?

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள். மீட்டர் காட்டும் எண்ணுக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்று அறிந்ததுதான் எங்கள் விடுமுறையின் பெரிய லாபம்.

ஒரு தோழியின் தாத்தா முன்பு வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். அவரிடம் பழைய முள் மீட்டர் ஒன்று இருந்தது. அவர் எங்களுக்கு ஒரு சோதனை வைத்தார். 10 லட்சம் ஓம் மின்தடை இரண்டை வரிசையாக இணைத்து 9 வோல்ட் பாட்டரியில் சேர்த்தார். நடுப்புள்ளியில் எத்தனை வோல்ட்? சரிபாதி 4.5 என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் எண் மீட்டர் ஏறத்தாழ 4.3 காட்டியது. அவருடைய முள் மீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்துத் தொட்டபோது முள் 1.3-க்குப் பக்கத்தில் நின்றது! எது பொய்?

இரண்டும் பொய் அல்ல என்றார் தாத்தா. மீட்டரும் ஒரு மின்தடைதான். அதைச் சுற்றில் வைத்தவுடன் அதுவும் கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. எண் மீட்டரின் உட்தடை 1 கோடி ஓம். ஆதலால் அது எடுப்பது சொற்பம். முள் மீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் வீதம் 10 வோல்ட் அளவில் 2 லட்சம் ஓம்தான். அது நடுப்புள்ளியின் அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம், 4.29, 1.29 என்று அப்படியே வந்தது. மீட்டர் தான் கண்டதைத்தான் சொன்னது. எதைக் கண்டது என்று அறிவது நம் வேலை.

அப்படியானால் ஒரு மீட்டர் சரியா, தவறா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? அதைவிடத் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டு. அதையும் இன்னும் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டு. இந்தச் சங்கிலியின் மேல்முனை, நம் நாட்டைப் பொறுத்தவரை, புதுதில்லியில் 1950-இல் திறக்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் நம் தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

களத்து மேட்டில் ஒரு மீட்டர்

'இதெல்லாம் படிப்புக்குச் சரி. நெல் விளையும் ஊரில் இதனால் என்ன பயன்?' என்று பெற்றோர் கேட்கலாம். பயன் நெல்லிலேயே இருக்கிறது.

அறுவடை முடிந்து நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது முதலில் கேட்கப்படுவது ஈரப்பதம். நூற்றுக்கு 17 வரை என்பது வழக்கமான வரம்பு. மழையில் நனைந்த ஆண்டுகளில் இவ்வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் நாம் செய்தித்தாளில் படிப்பதே. ஒரு பிடி நெல்லைக் கருவியில் போடுகிறார்கள். எண் ஒளிர்கிறது. அந்த எண் வரம்பைத் தாண்டினால் நெல் மீண்டும் களத்தில் காய வேண்டும். வானம் கறுத்திருந்தால் அப்பா இரவெல்லாம் தார்ப்பாயோடு காவல் கிடப்பார். ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு ஓர் எண்ணில் தொங்குகிறது!

அந்தக் கருவி வேறு எதுவும் அல்ல. நம் மல்டிமீட்டரின் உறவுக்காரன்தான். சில வகைகள் நெல்லின் மின்தடையை அளக்கின்றன. சில வகைகள் நெல்லை ஒரு மின்தேக்கியின் நடுவே வைத்து, அதன் மின்தேக்குத் திறனை அளக்கின்றன. நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்துக்கோ அது மிகச் சிறியது. ஆகவே தானியத்தில் நீர் சிறிது கூடினாலும் கருவி கண்டுகொள்ளும். ஆனால் நெல்லின் சூடும், அது கருவிக்குள் தளர்வாக விழுந்ததா அடர்த்தியாக விழுந்ததா என்பதும் எண்ணைச் சற்று மாற்றக்கூடும். அதனால்தான் குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து, ஒரு முறைக்குப் பல முறை அளக்க வேண்டும். நெல்லை அடுப்பில் முழுவதும் உலர்த்தி எடைக் குறைவைக் கணக்கிடுவதே மூல முறை. மீட்டர் அதன் விரைவான பிரதிநிதி.

இதை அறிந்த மகள் ஒருத்தி வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? அவள் சண்டை போட மாட்டாள். 'ஐயா, வேறு இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்துப் பாருங்களேன்' என்று பணிவோடு கேட்கச் சொல்லி அப்பாவிடம் கூறுவாள். எண் சரியாக இருந்தால், 'கருவியை வீணே சந்தேகப்பட வேண்டாம் அப்பா, இன்னும் ஒரு வெயில் காய விடுவோம்' என்றும் அவளே சொல்வாள். கருவியை அறியாதவர்களுக்கு இரண்டே வழி: கண்ணை மூடிக்கொண்டு நம்புவது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு சந்தேகிப்பது. அறிந்தவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு. அது கேட்டுத் தெளிவது.

மண்ணுக்கும் இதுவே. சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கடலோர நிலங்களில் உப்பு ஏறுவது பழைய கவலை. உப்பு கூடினால் மண்ணின் மின்கடத்துத்திறன் கூடும். மண் ஆய்வுக்கூடத்தில் இந்த அளவு மீட்டருக்கு 4 டெசி சீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண். எங்கள் மல்டிமீட்டரால் கிணற்று நீரை அளக்க முயன்றபோது எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. நேர்மின்னோட்டத்தில் கம்பி நுனிகளில் வேதிமாற்றம் நிகழ்வதே காரணம் என்றும், ஆகவேதான் ஆய்வுக்கூடக் கருவிகள் மாறுதிசை மின்னோட்டத்தைக் கையாளுகின்றன என்றும் ஆசிரியையிடம் கேட்டு அறிந்தோம்.

'பெண் பிள்ளைக்கு எதற்கு?'

இனி, வெளிப்படையாகக் கேட்கப்படாவிட்டாலும் பல வீடுகளில் நிலவும் கேள்வி. பியூஸ் போனால் 'நீ தள்ளி நில், தம்பி பார்ப்பான்' என்கிறார்கள். தம்பிக்கு வயது பத்து. அக்காள் படிப்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்! அச்சத்தால் ஒதுக்குவது காப்பாகாது. அறிந்து விலகுவதே காப்பு.

சென்னையில் 1919-இல் பிறந்த ஏ. லலிதா பதினைந்து வயதில் மணமுடித்து, பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை மூலையில் உட்கார வைக்காமல் தம் கல்லூரியிலேயே சேர்த்தார். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். அவருடைய சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுத வேண்டியிருந்தது. சிம்லாவில் மத்தியத் தர நிறுவனத்தில் பணியாற்றிய பின், தந்தையின் ஆராய்ச்சிக்கும் சிறிது காலம் துணை நின்றார். மின்னிசைக் கருவி ஒன்றும் அந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று. பிறகு கல்கத்தாவில் பெரிய மின்பொறி நிறுவனத்தில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணைப் பணியிலும் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

கர்நாடகத்தில் 1922-இல் பிறந்த ராஜேஸ்வரி சாட்டர்ஜி, அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சென்றபோது, 1949-இல் வாஷிங்டன் தேசியத் தர அலுவலகத்தின் வானொலி அலை அளவீட்டுப் பிரிவில் எட்டு மாதம் பயிற்சி பெற்றார். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நுண்ணலைப் பொறியியல் கற்பித்தார். அளவுக் கருவி ஆணுக்கு மட்டும் எண் காட்டுவதில்லை என்பதற்கு இவ்விருவரும் சாட்சி.

நம் ஊருக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பெண் கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை'யை வெளியிட்டது 1869-இல். அவர் தொடங்கிய வழக்கை நாம் பாதியில் விடலாமா?

சில ஐயங்கள்

ஆபத்து இல்லையா? வரம்பு அறியாமல் தொட்டால் உண்டு. ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பாட்டரி மட்டுமே, சுவர்ப் பிளக்கின் 230 வோல்ட் பக்கம் மீட்டரைக் கொண்டுபோவதில்லை. வீட்டுச் சாதனம் எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடுவது. தொலைக்காட்சிப் பெட்டி, நுண்ணலை அடுப்பு போன்றவற்றைத் திறப்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது மட்டுமே வேலை.

செலவு? ஒரு மல்டிமீட்டரின் விலை ஒரு சுடிதாரின் விலையைவிடக் குறைவு. இன்னும் முன்னேற விரும்புவோர்க்குப் புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2004-இல் தொடங்கிய 'ஃபீனிக்ஸ்' திட்டத்தின் பயனாக உருவான 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் பெட்டி உள்ளங்கை அளவுதான். கணினியோடு இணைத்தால் அலைவுகாட்டி, அலையாக்கி, வோல்ட் மீட்டர் மூன்றுமாக வேலை செய்யும். நம் பாடகர் குழுவின் குரலையும் ஆர்மோனியத்தின் கட்டையையும் திரையில் அலையாகக் கண்டு ஒப்பிடலாம். காது கேட்டதைக் கண் காணும்.

படிப்புக் கெடாதா? தேர்வு விடைத்தாளில் எழுதுவதற்கு முன் கையால் செய்து பார்த்தது எப்படிப் படிப்பைக் கெடுக்கும்?

எங்கள் வேண்டுகோள்

நூலகத்தில் புத்தகம் இரவல் தருவது போல, விடுமுறைக்கு மீட்டர் இரவல் தரும் அலமாரி ஒன்று நம் பள்ளியில் வேண்டும். ஐந்தாறு மல்டிமீட்டர், சில திசைகாட்டி, கம்பி, மின்தடை. முடிந்தால் ஓர் எக்ஸ்ப்ஐஸ் பெட்டி. பெற்றோர் கையொப்பத்தோடு இரண்டு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது, அளந்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, இரண்டும் மாறுபட்டால் ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அந்தப் பக்கங்களைத் தைத்தால் ஆண்டு முடிவில் ஒரு நல்ல நூலாகும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய மீட்டர்களை முன்னாள் மாணவியரும் பெற்றோரும் தந்து உதவினால் செலவும் பெரிதாகாது.

தோழியரே! கேள்விப்பட்டதை எல்லாம் அப்படியே நம்பவும், பிடிக்காததை எல்லாம் அப்படியே மறுக்கவும் நம்மைப் பழக்கும் காலம் இது. ஒரு சிறு மீட்டரைக் கையில் எடுத்தவளுக்கு வேறு பழக்கம் வரும். 'இருக்கலாம், அளந்து பார்ப்போம்' என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பெண்ணை எளிதில் யாரும் ஏமாற்ற முடியாது. அவளும் பிறர்மேல் வீண்பழி சுமத்த மாட்டாள். பெற்றோர்களே, அருட்சகோதரியரே, இந்தக் கோடையில் அந்தக் கருவியை எங்கள் கையில் தாருங்கள்.